நான்தான், விக்மண்ட்

"நான்தான், விக்மண்ட்! பாதையிலதான் வர்றேன்!"

இப்படிக் கத்திக்கொண்டுதான் அவர் வருவார். காட்டுக்குள் பன்றி ஓட்டிப் போகும்போது மட்டுமல்ல; கிணற்றடிக்குப் போகும்போதும், அடுப்பு அணைந்து என் வீட்டுக்கு நெருப்பு வாங்க வரும்போதும், விடிகாலையில் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கப் போகும்போதும் அதே கத்தல்தான். கத்திவிட்டு ஒரு மூச்சு நிற்பார். இடுப்பில் தொங்கும் மாட்டுக்கொம்பை எடுத்து ஒரு தடவை ஊதுவார். பிறகுதான் கால் நகரும். முப்பதடி போனதும் மறுபடி கத்தல், மறுபடி கொம்பு. எங்கள் ஊர்க் குழந்தைகள் கோழி விரட்டும்போதுகூட "நான்தான், விக்மண்ட்!" என்று கத்தித்தான் விரட்டுகின்றன.

"யோவ், ஒண்ணு கத்து, இல்ல ஊது. ரெண்டும் எதுக்குய்யா? மாடு மிரண்டு பாலை அடக்கிக்குது" என்று என் மனைவி பட்டியிலிருந்து சத்தம் போடுவாள்.

"ஒண்ணு கேக்கலேன்னாலும் இன்னொண்ணு கேக்கும்லங்க" என்பார். சிரிக்க மாட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெளியாள் காட்டில் பாதையை விட்டு விலகினால் கத்த வேண்டும், அல்லது கொம்பு ஊத வேண்டும். இரண்டும் செய்யாதவன் திருடன். அவனை அங்கேயே குத்திப் போட்டாலும் கேள்வி கிடையாது. இப்போது அரசர் அதை எழுத்திலேயே போட்டுவிட்டார் என்கிறார்கள். ஆனால் விக்மண்ட் வெளியாள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் ஊர்ப் பன்றிகளை மேய்க்கிறவர். பாதையை விட்டு அவர் ஓரடி விலகியும் நான் பார்த்ததில்லை.

ஆள் குட்டை. தோள் மட்டும் அகலம். வலது காதின் நுனியைக் கிடாப் பன்றி ஒன்று கடித்து எடுத்துக்கொண்டுவிட்டது. மடியில் எப்போதும், பன்றிகள் தின்னக் காட்டில் உதிரும் ஓக் கொட்டை நாலு வைத்திருப்பார். ஒன்றைக் கடித்துப் பார்த்து, துப்பிவிட்டு, "இன்னும் ஒரு வாரம்" என்பார். அந்த வருஷம் பன்றிகளை எப்போது காட்டுக்குள் விடலாம் என்பது அந்தத் துப்பலில்தான் முடிவாகும். ஊர்ப் பெரியவர்களே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

விக்மண்ட் என்பது போர்வீரனுக்கு வைக்கிற பெயர். பன்றி மேய்ப்பவருக்கு அது இரண்டு சுற்றுப் பெரிய சட்டை. பெற்றவர்கள் வைத்ததல்ல, அவரே எடுத்துப் போட்டுக்கொண்டது. அவர் பிறந்தது மேற்கே, பழைய ஆட்களின் குடியிருப்பு ஒன்றில். அவர்களை நாங்கள் 'அந்நியர்' என்கிறோம். அவர்கள் பூட்டன் காலத்துக்கும் முன்பிருந்து இந்த மண்ணில் இருப்பவர்கள். கடல் தாண்டிப் படகில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். இந்தக் காட்டோரத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்ததே என் தாத்தா காலத்தில்தான். இருந்தாலும் அந்நியர் அவர்கள்தான். அடிமைக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டோம். தனியாக ஒன்று யோசிக்கச் சோம்பல் போலிருக்கிறது.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் வைத்தார்கள். மேட்டு வயல், நரிக்குழி, இரட்டை முள்மரம், ஆட்டுத்துறை எல்லாம் எங்கள் தாத்தாக்கள் வைத்த பெயர்கள். ஊருக்கே என் தாத்தாவின் பெயர்தான். கிழக்கே இருப்பவர்கள் ஆங்கிள்கள், நாங்கள் சாக்சன்கள். ஆனால் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலம் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். ஆற்றுக்கு மட்டும் எப்படியோ பெயர் வைக்க விட்டுப்போனது. அது பழைய ஆட்கள் வைத்த பெயரிலேயே ஓடுகிறது. நாங்கள் எல்லோரும் தினமும் அந்தப் பெயரைச் சொல்லுகிறோம். ஊரில் அதைச் சொல்லாத ஒரே ஆள் விக்மண்ட்தான். "தண்ணிப் பக்கம் போய்ட்டு வர்றேன்" என்பார். அவ்வளவுதான்.

பன்றிகளுக்கும் அதே சட்டம். ஒருமுறை மேற்கத்திச் சந்தையிலிருந்து நாலு பெட்டைப் பன்றிகள் வந்தன. எங்கள் கூப்பாட்டுக்கு அவை அசையவில்லை. பழைய பேச்சில் ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருக்கும். கொடுக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். கொடுக்கவில்லை. பதினெட்டு நாள், கையில் பட்டாணியை வைத்துக்கொண்டு எங்கள் சொல்லாலேயே கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போனார். கடைசியில் அவை வந்தன. பன்றிக்கும் பேச்சை மாற்றிய மனுஷர் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம்.

அவர் பேசும் ஆங்கிலம் எங்கள் பேச்சைவிடச் சுத்தம். நாங்கள் சொற்களை மென்று விழுங்குவோம். அவர் ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து வைப்பார். அவர் மனைவி மெலேரிக்கு அது வரவில்லை. அவள் பேச்சில் சொற்களுக்குத் தலை இருக்கும், வால் இருக்காது. "பிள்ளை தூங்கு. நீ வீடு போ. ரொட்டி வேகு" என்பாள். யார், எப்போது, எவருக்கு என்பதையெல்லாம் கேட்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அறுப்புக் காலத்தில் ஊர்க் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவோம். என் மூன்று பிள்ளைகளும் அவள் மடியில் தவழ்ந்தவர்கள்தான். அதன் பலன், அவர்களும் வால் வெட்டித்தான் பேசுகிறார்கள்.

"ஒழுங்காப் பேசித் தொலையேன்டி" என்று மகளைத் திட்டினால், "நாங்கள்லாம் இப்படித்தாம்ப்பா பேசுவோம்" என்கிறாள். நாங்கள்லாம் என்றால் ஊரில் பல் முளைத்த அத்தனையும். என் அப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

மெலேரி அதிகம் பேசியதும் இல்லை. அவளை ஊமை என்றே நினைத்த வெளியூர்க்காரர்கள் உண்டு. எங்கள் ஊருக்குக் குடி வந்த அன்று வாசலிலேயே விக்மண்ட் சொல்லிவிட்டாராம்: இந்தக் கதவுக்குள்ளே பழைய பேச்சு வரக் கூடாது. பிறக்கப் போகும் குழந்தையின் காதில் ஒரு சொல்கூட விழக் கூடாது. இதை என் மனைவியிடம் மெலேரியே சொன்னாள், கையை வாயில் பொத்திக் காட்டி. குவென் பிறந்தாள், வளர்ந்தாள். அவளுக்குத் தாலாட்டு கிடையாது. தெரிந்த தாலாட்டைப் பாடக் கூடாது, பாட வேண்டிய தாலாட்டு தெரியாது. மெலேரி வாயை மூடிக்கொண்டு முனகித்தான் அந்தப் பெண்ணைத் தூங்க வைத்தாள்.

ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்ல எனக்குத்தான் கடமை அதிகம்.

விக்மண்டுக்குக் கினான் என்று ஒரு தம்பி இருந்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இலை உதிரும் மாதத்தில், தொலைந்துபோன சினைப் பன்றி ஒன்றைத் தேடிப் பாதையை விட்டு எங்கள் காட்டுக்குள் இறங்கிவிட்டான். அந்த மாதம் ஊரில் இரண்டு மாடு களவு போயிருந்தது. நாங்கள் நாலு பேர் ஈட்டியோடு திரிந்தோம். என் அப்பா ஒருவர். எனக்குப் பதினெட்டு வயது. கினான் எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினான். இரண்டு குட்டிச் சத்தம், இரண்டாவது சற்று மேலே ஏறும். திரும்பத் திரும்ப அதையே கத்தினான். அவன் கத்தினான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எல்லோரையும்விட அவனுக்குக் கிட்டே நின்றவன் நான். ஈட்டி எறிந்தது அப்பா. கினான் அங்கேயே விழுந்து செத்தான்.

மன்றம் கூடியது. "கத்தினானா, இல்லையா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஏதோ சத்தம் வந்துச்சு. நம்ம பேச்சுல இல்ல" என்றார் அப்பா.

"அப்ப அது கத்துனதுல சேராது" என்றார் பெரியவர்.

கினான் கத்தவில்லை என்று நாங்கள் நாலு பேரும் சத்தியம் செய்தோம். எங்களில் ஒருவர் சத்தியத்துக்கு ஈடாக அவர்களில் இரண்டு பேர் வேண்டும். அண்ணன்காரர் ஏழு பேரைத் திரட்டியிருந்தார், தன்னையும் சேர்த்துச் சரியாக எட்டு. சத்திய வாசகத்தைப் பிசகாமல் சொல்ல வேண்டும், எங்கள் பேச்சில். அவருக்கு அப்போது அது அரைகுறை. பாதி வரை வந்தார். நடுவில் தடுக்கினார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வழக்கு அதோடு முடிந்தது.

பயந்தவன் தூரமாகத்தானே ஓடுவான்? இவர் கிட்டே வந்தார். அடுத்த கோடையில் பெயரை மாற்றிக்கொண்டு, கர்ப்பிணி மனைவியோடு எங்கள் ஊருக்கே பன்றி மேய்க்க வந்து சேர்ந்தார். கடிக்கிற நாயின் கூண்டுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. "சொல்லுங்க சியோலா", "ஆகட்டுங்க சியோலா" என்று, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், மரியாதையாகத்தான் பேசுவார். ஊர் முன்னால் நான் அவரை விக்மண்ட் என்பேன். தனியாக இருக்கும்போது அண்ணே என்று வாயில் வந்துவிடும். அதற்கு அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

குவெனுக்குப் போன வருஷம் இடம் வந்தது. பக்கத்து ஊர் ஓஸ்லாக்கின் மகன். முப்பது ஏக்கர், இரண்டு ஏர் மாடு. ஓஸ்லாக் நல்லவர்தான், ஆனால் கறாரானவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வீட்ல என்ன பேச்சு?"

"நம்ம பேச்சுதாங்க. வேற தெரியாது."

"பொண்ணுக்கு?"

"சுத்தமாத் தெரியாதுங்க."

"சரி. என் பேரப்பிள்ளைங்க மன்றத்துல நின்னா அவங்க வார்த்தை முழுசா நிக்கணும். பாதியா நிக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

விக்மண்டுக்கும் அது போதும். இருபது வருஷம் அவர் வாயைக் கட்டி வைத்ததே அதற்குத்தான்.

அறுவடை முடிந்த வாரம், நாள் குறிக்க ஓஸ்லாக்கும் அவர் மனைவியும் ஒரு வட்டம் பாலாடைக் கட்டியோடு வந்தார்கள். வந்த இடத்தில் மெலேரி காய்ச்சலோடு படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். பார்த்தவுடனேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாகக் கிடப்பவர் வீட்டுக்கு வந்தவர்கள் பாதியில் எழுந்து போகக் கூடாது. உட்கார்ந்தார்கள். நானும் என் மனைவியும் போய் உட்கார்ந்தோம். நல்ல உச்சி வெயில். கதவு திறந்து கிடந்தது. கோழிகள் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தன.

காய்ச்சல் முதலில் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எங்கள் பேச்சைத்தான். கொஞ்சம்தான் இருந்தது, சீக்கிரம் போய்விட்டது. அடியில் கிடந்தது மேலே வந்தது. மெலேரி பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல், தடுக்காமல், ஏற்ற இறக்கத்தோடு, நடுவே சின்னச் சிரிப்போடு பேசினாள். அவளுக்கு இவ்வளவு நல்ல குரல் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

ஓஸ்லாக் முகம் இறுகியது. "என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்லீங்க. காய்ச்சல்ல உளறுறா" என்றார் விக்மண்ட்.

குவென் அம்மாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அம்மா ஏதோ கேக்குறா. என்ன கேக்குறா?"

"தண்ணி."

குவென் தண்ணீரைக் கொண்டுபோய் உதட்டில் வைத்தாள். மெலேரி உதட்டை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தெளிவாக ஒரு பெயரைச் சொன்னாள்: "துத்வால்."

"யாரு அது துத்வால்?" என்று ஓஸ்லாக்கின் மனைவி கேட்டாள்.

"தெரியலீங்க. அவ அண்ணனா இருக்கும்" என்றார் விக்மண்ட்.

ஆனால் அவள் அந்தப் பெயரைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் தலை தன்னால் அவள் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். திரும்பிய தலையை அவர் பிடித்து இழுப்பதுபோல மறுபடி கதவுப் பக்கம் கொண்டுபோவதையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. இரண்டு குட்டிச் சத்தம், இரண்டாவது சற்று மேலே ஏறும். என் கையிலிருந்த பார்லிக் கள் துணியில் கொட்டிவிட்டது. மெலேரி கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்துவாள். யாரோ பதில் சொல்ல வேண்டும் என்பதுபோலக் காத்திருப்பாள். மறுபடி சொல்வாள். பதில் சொல்லக்கூடிய ஒரே மனுஷர் மூன்றடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஓஸ்லாக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே குவென் இருந்தாள்.

"அண்ணே, ஏதாவது சொல்லுங்கண்ணே" என்றேன். ஊர் முன்னால் அன்றைக்குத்தான் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டேன்.

"என்னத்தச் சொல்ல? எனக்கு அந்தப் பேச்சு தெரியாதுங்க சியோலா."

வெயில் கதவை விட்டு நகர்வதற்குள் மெலேரி போய்விட்டாள். கடைசிவரை அந்தச் சத்தம்தான். சாமியார் வந்து ஜெபம் சொன்னார். அவருடையது மூன்றாவது ஒரு பேச்சு, அது எங்களில் யாருக்கும் புரியாது. பனி விழத் தொடங்கும் முன்பே கல்யாணம் நடந்தது. ஓஸ்லாக் வாக்குத் தவறவில்லை. "அம்மா கடைசியாத் தண்ணி கேட்டா, நான்தான் குடுத்தேன்" என்று குவென் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, இருவரும் பட்டிக்குத் தட்டி பின்னிக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னாங்களே, அது என்ன?"

பின்னலை நிறுத்தாமல் சொன்னார். "'நான்தான்'னு அர்த்தம். வீட்டுக்கு வர்றவங்க வெளிய நின்னு சொல்றது. உள்ள இருக்கறவங்க பயந்துடக் கூடாதுல்ல."

காட்டில் அன்று கினான் எங்களைப் பார்த்துக் கத்தியது அதைத்தான். பன்றியைத் தேடி வந்த பக்கத்து ஊர்க்காரன், நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறான்.

"அதுக்கு உள்ள இருக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"'வா'ம்பாங்க."

"அதை அந்தப் பேச்சுல எப்படிண்ணே சொல்றது?"

ஒரு கோலை வளைத்தார். அது முறிந்துவிட்டது. "மறந்துருச்சுங்க" என்றார்.

இந்த வருஷம் ஓக் கொட்டை நன்றாக விழுந்திருக்கிறது. போன வாரம் காட்டில் நான் தட்டிக்குக் கோல் வெட்டிக்கொண்டிருந்தேன். முற்பகல், மெல்லிய மூடுபனி. "நான்தான், விக்மண்ட்! பாதையிலதான் வர்றேன்!" என்று சத்தம் வந்தது, பிறகு கொம்பு. பன்றிகள் முன்னால் ஓடின. பிளந்த ஓக் மரத்தடிக்கு வந்ததும் அவர் நின்றார். கினான் விழுந்த இடம் அது. அவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. கொம்பு ஊதிக்கொண்டே வேகமாகத் தாண்டிப் போய்விடுவார். புதர் மறைவில் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. நான்தான் என்று நானும் குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

கத்த வாயைத் திறந்தவர் கத்தவில்லை. கொம்பைத் தொட்ட கை கீழே இறங்கியது. மரங்களைப் பார்த்து, எங்கள் பேச்சில் இல்லாத ஒரு சின்னச் சொல்லை மெதுவாகச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு, வாசலில் நிற்கிறவர் உள்ளே வருகிறவருக்கு வழி விடுவதுபோல, பாதையை விட்டு ஓரடி இறங்கி ஒதுங்கி நின்றார்.